நீலக் கோட்டுக்கு வெளியே

நாற்காலிகளுக்குப் பொட்டு வைத்த நாளில்தான் வம்பு ஆரம்பித்தது.

பொட்டு என்று பெயர் வைத்தது சைலன்சர். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, வட்டமாக ஒன்றை விமான நிலையத்தில் இருந்த சக்கர நாற்காலிகள் அத்தனைக்கும் முதுகுப் பக்கம் ஒட்டியிருந்தார்கள். பார்க்கத்தான் சாது. மூச்சு விடுகிற மாதிரி ஓயாமல் சிக்னல் விட்டுக்கொண்டே இருக்கும். கூரையில் பதித்த வெள்ளைப் பெட்டிகள் அதைப் பிடித்து, எந்த நாற்காலி எந்த மூலையில் நிற்கிறது என்று கம்ப்யூட்டரிடம் கோள் சொல்லிவிடும்.

"நல்லா வெச்சாங்கப்பா பொட்டு! இனிமே நாம எங்க போனாலும் மேனேஜருக்குத் தெரிஞ்சிடும்," என்று ஓய்வறையில் இருந்தவன் இல்லாதவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான் சைலன்சர். அவனைப் படைத்தபோது அந்த ஒரு பாகத்தை மட்டும் மாட்ட மறந்துவிட்டார்கள் என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது.

எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்பிரஸ் சிரிக்கவில்லை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த, தோள் அகன்ற பெண் அவள். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு "வழி, வழி, வழி" என்று வந்தால் கூட்டம் தானாகப் பிளந்துகொள்ளும். பயணியின் சொந்தக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். நாற்காலியில் இருப்பவர்களோ திருவிழா ராட்டினத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அவளுக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஆளுக்கொரு மொபைலைக் கொடுத்து, அதை முன்கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தாள். திரையில் பயணியின் பெயரும் போக வேண்டிய கேட்டும் வரும். நிற்கிற இடத்திலிருந்து கேட் வரைக்கும் ஒரு நீலக் கோடு ஓடும்.

"கோட்டு மேலயே போனீங்கன்னா உங்க புள்ளி பச்சையா இருக்கும். எங்கயாவது நின்னா மஞ்சள். கோட்டை விட்டு வெளிய போனா சிவப்பு," என்று விளக்கினாள்.

"நடுவுல பயணி பாத்ரூம் போகணும்னு கேட்டா?" என்றாள் எக்ஸ்பிரஸ்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். பிறகு பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"அதையெல்லாம் முடிச்சுட்டுத்தான் வந்து உக்காரணும். அது நம்ம வேலை இல்ல," என்றார் மேனேஜர். "கேட்ல கொண்டு விடறது மட்டும்தான் நம்ம வேலை."

அவருக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசர் வேகமாகத் தலையாட்டினார். அவர் எக்ஸ்பிரஸின் அக்கா வீட்டுக்காரர். கட்டியவன் கைகழுவிவிட்டுப் போன வருஷம், அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளை எழுப்பி, யார் யார் காலையோ பிடித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் அவள் இப்போதும் இருக்கிறாள். வேலையிடத்தில் எல்லோரும் அவரை "சார்" என்பார்கள். அவளுக்கு மட்டும் எங்கே இருந்தாலும் "மாமா"தான். அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு அன்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஓய்வறைச் சுவரில் பெரிய திரை ஒன்று வந்தது. எல்லாருடைய புள்ளிகளும் அதில் எறும்பு மாதிரி ஊர்ந்தன. சிவப்பு வாங்கியவர்களை மறுநாள் வெளியே அனுப்பினார்கள். கார் நிறுத்துமிடத்தில் சிதறிக் கிடக்கும் சாமான் டிராலிகளைக் கோத்து, வெயிலில் தள்ளிக்கொண்டு வருகிற வேலை. இரண்டொருவர் அப்படிப் போய்க் கருகித் திரும்பியதும், மற்றவர்களுக்குப் பேச்சு தானாக மாறியது. "கொஞ்சம் நில்லுங்களேன்" என்று பயணி கேட்டால், "ரூட்ல இல்லீங்க" என்றார்கள். எக்ஸ்பிரஸும் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் வாயில் சோப்பு நுரை பட்ட மாதிரி இருந்தது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நீச்சல் மாஸ்டர் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐம்பதைத் தாண்டிய அம்மாள். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து வேறு ஊரில் இருக்கும் மகளிடம் போகிறார். குட்டையாக வெட்டிய முடி, ஆண்பிள்ளை மாதிரி கனத்த குரல். ஆனால் உதடு மட்டும் வெடித்து, வெள்ளை பூத்துக் கிடந்தது.

"மேடம், தண்ணி ஏதாவது குடிக்கறீங்களா?" என்றாள் எக்ஸ்பிரஸ். உட்காரவைக்கும்போது கேட்பது அவளுடைய பழைய பழக்கம். நாக்கு மறக்கவில்லை.

"வேணாம்மா. நேத்து சாயங்காலத்துலேர்ந்தே நிறுத்திட்டேன்."

"ஏன், டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எங்க சொன்னாரு? தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். போகணும்னா உங்களைக் கேக்கணும். போன மாசம் செக்கப்புக்கு வந்துட்டுப் போறப்ப கேட்டேன். தள்ளிட்டு வந்த பையன் கையில கட்டியிருந்த போனைக் காட்டி, ரூட்ல இல்லன்னுட்டான். பாவம், அவன் மூஞ்சியும் நல்லால்ல." அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார். "நாள் பூரா தண்ணியிலயே கெடந்து பொழைச்சவ நான். எத்தனையோ புள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்திருக்கேன். இப்ப ஒரு வாய் தண்ணிக்குப் பயப்படறேன் பாரு."

எக்ஸ்பிரஸ் நாற்காலியைத் தள்ளினாள். கண்ணாடிக் கடைகள் வரிசையைப் பாதி கடந்தபோது, அந்த அம்மாள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"என்ன மேடம், வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்காட்டியும் மாத்திரை வேலையைக் காட்டுது. அடக்கிக்குவேன். நீ போ."

எக்ஸ்பிரஸ் நின்றாள். கையில் கட்டியிருந்த மொபைல் மஞ்சளாகி ஒரு முறை அதிர்ந்தது. நேராகப் போனால் கேட். கழிப்பறை பின்னால், கடை வரிசையைச் சுற்றிக்கொண்டு போனால் உள்ளடங்கின ஒரு சந்தில் இருந்தது. அவளுக்கு அந்தக் கணத்தில் கிளம்பிய கோபம் யார் மேல் என்று சரியாகத் தெரியவில்லை. மேனேஜர் மேலா, மாமா மேலா, இத்தனை நாள் பேசாமல் இருந்த தன் மேலேயா. எதுவானாலும் கை முந்திக்கொண்டது. நாற்காலியை அப்படியே திருப்பினாள்.

"ஏம்மா, உனக்கு எதாவது பிரச்சினை ஆகப்போகுது," என்றார் மாஸ்டர்.

"ஆகட்டும் மேடம். அது என் பாடு."

மொபைல் சிவந்தது. விட்டு விட்டு அலறியது. கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கழிப்பறைக் கதவை அடைவதற்குள் மாமாவின் அழைப்பு வந்துவிட்டது.

"எங்க போயிட்டிருக்க நீ?" அவர் குரலில் கோபத்தைவிடப் பதற்றம்தான் அதிகம்.

"பாத்ரூமுக்கு."

"யாரு, நீயா?"

"பயணி மாமா."

"ஸ்கிரீன்ல செக்கச்செவேல்னு தெரியுது. மேனேஜர் பக்கத்துலதான் நிக்கறாரு. திரும்பு, சொல்றேன்ல!"

"முடிச்சதும் திரும்பறேன்," என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

உள்ளே தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவசரப்படுத்தவில்லை. மாஸ்டர் வெளியே வந்து, கை கழுவி, முகத்தையும் கழுவிக்கொண்டார். எக்ஸ்பிரஸ் பக்கத்துக் குடிநீர்க் குழாயில் தன் புட்டியை நிரப்பி நீட்டினாள். அந்த அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கி, மூச்சு விடாமல், தொண்டை ஏறி இறங்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"இப்ப பிடிச்சுக்குங்க மேடம்," என்றாள் எக்ஸ்பிரஸ்.

அதற்குப் பிறகு அவள் ஓடிய ஓட்டத்தை அந்த விமான நிலையம் அதற்கு முன் பார்த்ததில்லை. "வழி! வழி! வழி!" நடந்துபோன விமானி ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கேட்டில் கடைசி அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. சீட்டைப் பார்க்கிற பெண் கையிலிருந்த கருவியை மாஸ்டரின் போன் மேல் காட்டினாள். அது சிணுங்கியது. கதவு திறந்தது. உள்ளே போகும் முன் மாஸ்டர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள், நீச்சல் குளத்தின் அந்தக் கோடியில் இருப்பவனையும் கரையேற்றுகிற விசில். கேட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேனேஜரின் அறையில் அந்த விசில் ஒன்றும் எடுபடவில்லை.

"நேரத்துக்குக் கொண்டு விட்டாச்சே சார்," என்றாள் அவள்.

"நேரம் இல்ல பிரச்சினை. கோட்டை விட்டு ஏன் போன? ஒருத்தருக்கு விட்டா அப்புறம் எல்லாருக்கும் விடணும்."

"ஆமா சார். எல்லாருக்கும்தான் விடணும்."

மேனேஜருக்குச் சுருக்கென்று ஏறியது. "பண்ணது தப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. நாளைக்கே வழக்கம்போல நாற்காலி. இல்லன்னா டிராலிதான்."

மாமா அவசரமாகப் பேனாவைத் திறந்து நீட்டினார். அவள் பேனாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"டிராலி எந்தப் பக்கம் சார் ஆரம்பிக்கணும்?" என்று கேட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. டிராலியின் இரும்புப் பிடியை வெறுங்கையால் தொட முடியாது. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, நீளமான பாம்பு மாதிரி ஆக்கி, வளைவுகளில் அது நெளிந்து யார் காரையாவது உரசிவிடாமல் தள்ள வேண்டும். முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவின் கண் முதலில் அந்தக் கையில்தான் விழுந்தது.

"என்னடி இது?"

அவள் பதில் சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டார். நடந்ததைத் தன் பக்கம் சாய்த்துச் சொன்னார். "ரெண்டு வரி, வெறும் ரெண்டு வரி எழுதச் சொன்னாங்க. இவளுக்கு அவ்வளவு வீறாப்பு. நாளைக்கு என் வேலைக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கப்போறா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அதாவது, ஒரு பொம்பளை பாத்ரூம் போனது தப்பு. அப்படித்தான?"

"அப்படி இல்ல. சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு."

"இந்த வீட்ல நீங்க பேப்பரை எடுத்துட்டு உள்ள போனா, விடிஞ்சா கல்யாணம்னு சொன்னாலும் வெளிய வர மாட்டீங்க. நான் என்னைக்காவது மேப்பு போட்டு மணி அடிச்சிருக்கேனா?"

எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமாவின் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"நான் வாங்கிக் குடுத்த வேலைம்மா அது," என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. "நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதானே ஓடினேன்."

"தெரியும் மாமா. வேலையை வாங்கிக் குடுத்தீங்க, சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா அதுக்குப் பதிலா என் வாயை வாங்கிக்கலையே நீங்க."

அவர் மறு சோறு போட்டுக்கொள்ளாமல் எழுந்து போனார்.

அந்த வாரம் தேநீர் இடைவேளையில் சைலன்சர் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தான். அவள் தள்ளிக்கொண்டிருந்த நாற்காலியை இப்போது அவனிடம் கொடுத்திருந்தார்கள். டிராலி நிழலில் குந்தி, வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினான்.

"அக்கா, நேத்து ஒரு ஆளு. முதுகு முழுக்கக் கட்டு. தண்ணி கேட்டாரு. ரூட்ல இல்லன்னுட்டேன். அந்த ஆளு 'பரவால்ல தம்பி'ன்னாரு. அந்தப் பரவால்லதான் அக்கா தாங்க முடியல. திட்டியிருந்தாக்கூடத் தூங்கியிருப்பேன்."

"அப்ப நீயே கேளு."

"என்னத்த?"

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீ கேளு. ஏத்தி உக்கார வெக்கும்போதே. தண்ணி வேணுமா, பாத்ரூம் போகணுமான்னு. சத்தமா கேளு."

"சத்தமா கேக்கறதுக்கு எனக்கு யாராச்சும் சொல்லித் தரணுமா?" என்று எழுந்தான்.

மறுநாள் காலையில் சைலன்சர் வேலையைக் காட்டினான். செக்-இன் மேசைகளுக்கு முன்னால் நாற்காலிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, "பாத்ரூம் போகணுமா? தண்ணி வேணுமா? வெக்கப்படாம சொல்லுங்க!" என்று அவன் கேட்டது அடுத்த கட்டடத்துக்கே கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அவன் பயணி மட்டுமல்ல, வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோருமே கையைத் தூக்கினார்கள். தூக்கிய கையைப் பார்த்த பிறகு "ரூட்ல இல்ல" என்று சொல்ல மற்றவர்களுக்கும் நாக்கு வரவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒருத்தி தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். ஒருவன் மருந்துக் கடைக்குப் போனான். மொபைல்கள் ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு தாளத்தில் அலறின.

எக்ஸ்பிரஸை உள்ளே கூப்பிட்டு அனுப்பினார் மேனேஜர். வியர்வை ஒழுக அவள் ஓய்வறைக்குள் நுழைந்தபோது, சுவர்த் திரை அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. பச்சைப் புள்ளி பேருக்குக்கூட ஒன்றில்லை. மென்பொருள் பெண்ணை வரவழைத்திருந்தார்கள். அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஓரமாக நின்றார்.

"சிஸ்டம் பாழாப்போச்சு. எல்லாமே சிவப்பா காட்டுது. சரி பண்ணு," என்றார் மேனேஜர்.

"சிஸ்டம் சரியாத்தான் சார் இருக்கு," என்றாள் அந்தப் பெண். "நெஜமாவே எல்லாரும் வெளிய போறாங்க."

மேனேஜர் எக்ஸ்பிரஸ் பக்கம் திரும்பினார். "இது உன் வேலைதான?"

"ஆமா சார்." மறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "நான்தான் கேக்கச் சொன்னேன்."

"நாளைக்கு இவங்க அத்தனை பேரும் டிராலிக்குப் போறாங்க! ஒருத்தர் விடாம! நீ வீட்டுக்குப் போற!"

மாமா தொண்டையைக் கனைத்தார். எக்ஸ்பிரஸ் அவரைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

"அத்தனை பேரையும் அனுப்பிட்டா நாற்காலி யாரு சார் தள்ளறது?" என்றார் மாமா. குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நானும் நீங்களுமா? எனக்கு முட்டி வலி. அவளை வீட்டுக்கு அனுப்பறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்புங்க. ரெண்டு பேரும் ஒரே வீடுதான், ஒரே பஸ்ல போயிடுவோம்."

மேனேஜர் பேயறைந்த மாதிரி அவரைப் பார்த்தார். வருஷக்கணக்காகத் தலையாட்டிய தலை அது.

மென்பொருள் பெண் மெதுவாகப் பேசினாள். "நான் முதல்ல பண்ணிக் குடுத்ததுல ஒரு பட்டன் இருந்துச்சு சார். கோட்டை விட்டுப் போனா, ஏன்னு காரணம் போடறதுக்கு. பாத்ரூம், தண்ணி, மருந்து, வீட்டு ஆளுங்களைப் பாக்க. அதைப் போட்டா சிவப்பு வராது. நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க." பிறகு எக்ஸ்பிரஸைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னிக்கே சொல்லியிருக்கணும் அக்கா. அதை அழிக்கல. மறைச்சுத்தான் வெச்சிருக்கேன்."

ஓய்வறைத் தொலைபேசி அடித்தது. மேனேஜர் எடுத்தார். நாற்காலி வரவில்லை என்று ஏதோ ஒரு விமானக் கம்பெனி. அதை வைப்பதற்குள் இன்னொன்று அடித்தது.

"போட்டுத் தொலை," என்றார் அவர்.

பட்டன் அன்று மத்தியானமே எல்லோர் கையிலும் வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்பிரஸுக்கு மட்டும் டிராலிதான். அவளை வீட்டுக்கு அனுப்பினால் மாமாவும் போவார், அவர் பின்னால் யார் யார் போவார்களோ என்கிற பயத்தில் மேனேஜர் அதை மட்டும் செய்யவில்லை. அந்த இரண்டு வரியை எழுதாமல் நாற்காலியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். தோற்றவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டுமே.

அவள் எழுதவில்லை. கொப்பளம் உடைந்து காய்த்துப்போனது. முகம் கறுத்தது. "கோழி கிறுக்கின மாதிரியாவது எழுதிட்டு உள்ள வாக்கா, யாரு படிக்கப்போறா?" என்று சைலன்சர் கெஞ்சினான். "நான் படிப்பேன்ல," என்றாள். வெயில் போய் மழைக்காலம் வந்தது. நனைந்த டிராலிகளைத் தள்ளினாள். சில நாள் எதற்கு இந்தப் பிடிவாதம் என்று அவளுக்கே அலுப்பாக இருக்கும். அந்த மாதிரி நாட்களில்தான் அக்கா கையில் எண்ணெய் தடவிவிட்டு, "நீ தள்ளுடி, பாத்துக்கலாம்," என்பாள்.

விடுமுறைக் கூட்டம் தொடங்கியது. நாற்காலி கேட்டு நிற்பவர்கள் வாசல் வரைக்கும் நின்றார்கள். ஒரு காலையில் மாமா போன் செய்தார்.

"உள்ள வா. நாற்காலி தர்றேன்."

"நான் ஒண்ணும் எழுதித் தரல மாமா."

"யாரு கேட்டா?"

"மேனேஜர்?"

"அவரு வந்தா நான் பேசிக்கறேன். நீ வா, இங்க ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

அவள் டிராலிகளை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். கைகளுக்கு நாற்காலியின் ரப்பர் பிடி பஞ்சு மாதிரி இருந்தது.

முதலில் உட்கார்ந்தவர் ஒரு தச்சர். சாரத்திலிருந்து விழுந்து கால் இரண்டும் போன மனிதர். விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை. தண்ணீர் வேண்டாம், பாத்ரூம் போகவேண்டாம் என்றார். தள்ளிக்கொண்டு போகிற வழியில் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே வந்தார்.

"என்ன அண்ணே தேடறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா." கொஞ்சம் தயங்கினார். "பிளேனைப் பாக்கலாம்னு. ஏறினப்புறம் உள்ளதான இருப்போம், எப்படி இருக்குன்னு தெரியாதுல்ல. பரவால்ல, நீ போ."

நேரம் தாராளமாக இருந்தது. மாடியில், ஓடுபாதையைப் பார்த்த மாதிரி தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி போட்ட கூடம் ஒன்று உண்டு. அவள் நாற்காலியை லிப்ட் பக்கம் திருப்பினாள். மொபைல் அதிர்ந்து, காரணம் கேட்டது. பாத்ரூம், தண்ணீர், மருந்து, வீட்டு ஆட்கள். நான்கையும் பார்த்தாள். எதையும் அழுத்தவில்லை. திரை சிவந்தது.

லிப்ட் மேலே போய்க் கதவு திறந்தபோது மாமா கூப்பிட்டார்.

"மறுபடியுமா? இப்ப எதுக்குப் போற?"

"வேடிக்கை பாக்க."

"என்னது?"

"பிளேன் பாக்கணும்னு ஆசைப்படறாரு மாமா. அதுக்கு இதுல பட்டன் இல்ல."

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"பட்டனைப் போடச் சொல்லுங்க. போடற வரைக்கும் சிவப்பாவே தெரியட்டும்," என்று சொல்லிவிட்டு மொபைலின் சத்தத்தை அடைத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய விமானம் ஒன்று மெல்ல மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. தச்சர் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"இங்கேர்ந்து தெரியுதா அண்ணே?" என்றாள் எக்ஸ்பிரஸ். "இன்னும் கிட்டப் போலாம், வாங்க."